ஒரே வழக்கு, இரு சட்டங்கள்: காரைக்கால் எல்லையில் குற்றம் வரையறுக்கப்பட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சமூகத்தின் பொது மனச்சான்றைப் புண்படுத்தும் செயலே குற்றம் எனப்படுகிறது என்பது சமூகவியலில் நெடுங்காலமாக நிலவும் கருத்து. அவ்வாறாயின், ஒரே மொழியும் ஒரே வழிபாடும் ஒரே உறவுமுறையும் கொண்ட மக்களிடையே குற்றம் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த காரைக்கால் பகுதியின் வரலாறு இதற்கு மாறான சான்றைத் தருகிறது. குரும்பகரம் போன்ற ஊர்களும் அவற்றை அடுத்திருந்த தஞ்சை மாவட்ட ஊர்களும் வாழ்க்கை முறையில் வேறுபடவில்லை. ஆயினும் அவ்விரு நிலங்களிலும் குற்றப்பட்டியல் ஒன்றாக இல்லை. உப்பு, மது, மணவாழ்வு, உடல், நடமாட்டம் ஆகிய துறைகளில் இவ்வேறுபாட்டை ஆராயும் இக்கட்டுரை, சட்ட வேறுபாட்டிற்குச் சமூக ஒழுக்கத்தைவிட அரசின் வருவாய்த் தேவையும் சட்டத்தொகுப்புகளின் பிறப்பு வரலாறும் பெருங்காரணங்களாக அமைந்தன என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குற்றம், பிறழ்நடத்தை, காரைக்கால், பிரெஞ்சிந்தியா, தண்டனைச் சட்டம், மதுவிலக்கு, குற்றப் பரம்பரைச் சட்டம்

1. முன்னுரை

பிரெஞ்சுச் சமூகவியலர் எமில் துர்க்கைம் 1893-இல் வெளியிட்ட உழைப்புப் பகுப்பு பற்றிய நூலில், ஒரு செயல் குற்றமாக இருப்பதனால் மக்கள் அதனைக் கண்டிப்பதில்லை. மக்கள் கண்டிப்பதனாலேயே அது குற்றமாகிறது என்னும் பொருள்பட எழுதினார். குற்றத்தைச் செயலின் இயல்பில் தேடாமல் சமூகத்தின் எதிர்வினையில் தேடியது அவருடைய பெரும் பங்களிப்பு. 1938-இல் தோர்ஸ்டன் செல்லின் இதனை மேலும் நகர்த்தினார். பண்பாட்டு நெறிகள் மோதும் இடங்களில் குற்றம் பற்றிய முரண் தோன்றுகிறது என்றும், அத்தகைய மோதல் மூன்று சூழல்களில் நிகழ்கிறது என்றும் அவர் வகுத்தார். அண்டைப் பண்பாடுகளின் எல்லை, ஒரு குழுவின் சட்டம் மற்றொரு குழுவின் நிலத்தின்மீது விரிக்கப்படுதல், ஒரு பண்பாட்டினர் வேறொரு பண்பாட்டினரிடையே குடியேறுதல் என்பன அம்மூன்று.

காரைக்காலின் நிலை இவ்வகைப்பாட்டிற்குள் முழுமையாக அடங்குவதில்லை. அது ஓர் எல்லை. ஆனால் எல்லையின் இருபுறமும் இருந்தது ஒரே பண்பாடு. மோதியவை பண்பாடுகள் அல்ல, சட்டங்களே. எனவே, சமூகத்தை மாறாத கூறாக வைத்துக்கொண்டு சட்டம் மட்டும் மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதைக் காண்பதற்கு இப்பகுதி அரியதொரு களமாகிறது. காரைக்கால் மாவட்டத்தின் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரம் என்னும் சிற்றூரை நிலைப்புள்ளியாகக் கொண்டு, அங்கிருந்து பார்த்தால் குற்றத்தின் எல்லைக்கோடு எங்கெங்கே நகர்ந்தது என்பதை இக்கட்டுரை தொடர்கிறது.

2. எல்லை உருவான வரலாறு

காவிரிக் கழிமுகத்தின் இச்சிறு கடற்கரைப் பகுதியில் மூன்று ஐரோப்பிய ஆட்சிகள் அருகருகே இருந்தன. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்ற டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 1845-இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அங்கு டேனிய ஆட்சி நடந்தது. 1739-இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர், அடுத்த ஆண்டுகளில் சூழவிருந்த ஊர்களையும் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டனர். போர்க்காலங்களில் பன்முறை ஆங்கிலேயர் கைக்குப் போன காரைக்கால், 1817-இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்து 1954 வரை அதன்கீழ் இருந்தது. வடமேற்கில் நண்டலாறு பிரித்து நின்ற மறுகரை, ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டமாயிற்று. 1880-இல் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சி முறை புகுத்தப்பட்டபோது காரைக்கால் பகுதியில் அமைந்த மூன்று கொம்யூன்களுள் நெடுங்காடு ஒன்று.

இந்த எல்லை நீர்ப்பாசனத்தையோ நெல் வேளாண்மையையோ குலதெய்வ வழிபாட்டையோ கொள்வினை கொடுப்பினையையோ பிரித்ததில்லை. காவிரியின் கிளையாறுகள் தஞ்சைச் சீமையில் புறப்பட்டுக் காரைக்கால் வயல்களில் பாய்ந்தன. திருநள்ளாறு கோயிலுக்கு இருபுறத்து மக்களும் சென்றனர். எல்லை பிரித்தவை வரிகள், நீதிமன்றங்கள், சட்டநூல்கள் ஆகியவற்றையே.

3. சட்டத்தொகுப்புகளுக்கு முன்

ஐரோப்பியச் சட்டங்களுக்கு முன் இப்பகுதியில் குற்றம் பற்றிய கருத்து இல்லாதிருக்கவில்லை. அது வேறாக இருந்தது. தமிழில் ‘குற்றம்’ என்னும் சொல் முதன்மையாகக் குறையையே குறித்தது. திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ அதிகாரம் பொருட்பாலில் அரசியலின்கீழ் வைக்கப்பட்டு, ஆள்வோன் தன்னிடம் நீக்கிக்கொள்ள வேண்டிய குறைகளையே பேசுகிறது. குடிமகன் அரசுக்கு எதிராகச் செய்யும் செயல் என்ற இன்றைய பொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏறியது.

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) வாரியத் தேர்தலில் பங்கேற்கத் தகுதியற்றோரைப் பட்டியலிடுகின்றன. ஐம்பெரும்பாதகம் புரிந்தோர், பிறர்பொருள் கவர்ந்தோர் ஆகியோருடன், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் அப்பட்டியலில் வைக்கப்பட்டனர். பாவம், களவு, நிருவாகத் தவறு ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் நிற்பது கருதத்தக்கது. சோழர்காலக் கல்வெட்டுகள் சில, வேட்டையின்போது குறிதவறி ஒருவரைக் கொன்றவர், கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் வழங்கிப் பழி நீங்கியதைக் கூறுகின்றன. விளக்கொன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. உயிரிழப்பு நேர்ந்தும் அது உயிர்த்தண்டனைக்குரிய செயலாகக் கொள்ளப்படவில்லை. மாறாக, முதலாம் இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் துரோகிகள் எனச் சுட்டி, அவர்தம் உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டதைக் குறிக்கிறது. ஒரே செயலாகிய கொலை, யார் கொல்லப்பட்டார், எந்த நோக்கத்தில் கொல்லப்பட்டார் என்பதற்கேற்ப ஓரிடத்தில் விளக்கால் தீர்ந்தது. மற்றோரிடத்தில் உறவு முழுவதையும் தொட்டது. குற்றத்தின் அளவுகோல் அன்றும் செயலில் மட்டும் இல்லை.

4. இரு தண்டனைத் தொகுப்புகள்

1819 சனவரி 6 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளைப் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைப்படுத்தியது. திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் இந்தியர்கள் தத்தம் சாதி வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் அவ்வாணை உறுதியளித்தது. அவ்வழக்கங்களைப் பற்றி நீதிமன்றங்களுக்கு அறிவுரை கூற 1827-இல் ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது. ஆனால் குற்றம் எது என்னும் வினாவுக்கு விடை நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பிலிருந்து வந்தது. அதே காலத்தில் நண்டலாற்றின் மறுகரையில், கும்பினியின் ஒழுங்குவிதிகளால் திருத்தப்பட்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் நடந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைவு தந்து, 1860-இல் நிறைவேறி, 1862 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இவற்றுள் எதுவும் காவிரிக் கழிமுகத்தில் பிறந்த சட்டம் அன்று.

கொலை, களவு, கொள்ளை, பொய்யாவணம் ஆகிய அடிப்படைக் குற்றங்களை இரு தொகுப்புகளும் ஏற்றன. இவ்வளவில் துர்க்கைமின் கருத்துக்கு வலுவுண்டு. ஆனால் அடுத்த படியிலேயே வேறுபாடு தொடங்குகிறது.

பிறன்மனை உறவு இதற்குத் தெளிவான சான்று. பிரெஞ்சுத் தொகுப்பின் 336 முதல் 339 வரையிலான பிரிவுகளின்படி, கணவன் முறையிட்டால் மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அவளுடன் உறவு கொண்ட ஆணுக்கும் சிறையும் தண்டமும் உண்டு. கணவனோ மணவீட்டிலேயே வேறொரு பெண்ணை வைத்திருந்தால் மட்டும் தண்டம் செலுத்தினால் போதும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு இதற்கு நேர்மாறானது. பிறன் மனைவியுடன் கணவனின் இசைவின்றி உறவு கொண்ட ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்த அப்பிரிவு, பெண்ணை உடந்தையாளராகக்கூடத் தண்டிக்கக் கூடாது என்றது. ஆகவே, குரும்பகரத்தில் ஒரு பெண் குற்றவாளியாவதற்குக் காரணமான அதே செயல், மறுகரையில் அவளைச் சட்டத்தின் பார்வையிலிருந்து முற்றிலும் நீக்கியது. இரு சட்டங்களும் பெண்ணைக் கணவனின் உரிமைப்பொருளாகவே கண்டன என்பதில் ஒன்றுபட்டன. அவ்வுரிமை மீறப்பட்டதற்கு யார் பொறுப்பு என்பதில் மட்டும் வேறுபட்டன. மெக்காலேயின் 1837 வரைவில் இச்செயல் குற்றமாகவே இடம்பெறவில்லை என்பதும், பின்வந்த சட்ட ஆணையர்களே அதனைச் சேர்த்தனர் என்பதும் நினைக்கத்தக்கவை. வரைவு மேசையில் நிகழ்ந்த அந்த மாற்றம் கோடிக்கணக்கானோரின் குற்றப்பட்டியலை மாற்றியது.

கொலையின் எடைகூட ஒன்றாக இல்லை. மணவீட்டில் மனைவியையும் அவளுடன் இருந்தவனையும் கையுங்களவுமாகக் கண்டு கணவன் கொன்றால், பிரெஞ்சுத் தொகுப்பின் 324ஆவது பிரிவு அதனை மன்னிக்கத்தக்க கொலையாக்கி, தண்டனையை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான சிறையாகக் குறைத்தது. மனைவிக்கு அத்தகைய சலுகை இல்லை. இந்தியச் சட்டத்தில், கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான ஆத்திரமூட்டல் என்னும் பொதுவிலக்கு இருந்தது. அதனை வழக்குதோறும் நிறுவ வேண்டியிருந்தது.

தற்கொலை முயற்சி இரண்டாவது சான்று. கிறித்தவ அறநெறியைப் பின்பற்றிய ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் தன்னைக் கொல்லுதல் பெருங்குற்றம். அம்மரபின் வழிவந்த 309ஆவது பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. 1791-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு இயற்றிய தண்டனைத் தொகுப்பு, சமயப் பாவங்களாக மட்டும் கருதப்பட்ட செயல்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது; 1810ஆம் ஆண்டுத் தொகுப்பும் அவற்றை மீட்கவில்லை. தற்கொலை முயற்சி அவ்வாறு நீங்கியவற்றுள் ஒன்று. இசைவுடைய வயதுவந்த ஆண்கள் தனிமையில் கொள்ளும் பாலுறவு மற்றொன்று. பொதுவிடத்தில் நிகழும் நாணக்கேடான செயலைப் பிரெஞ்சுச் சட்டம் தண்டித்தது. ஆனால் தனியறைக்குள் அது நுழையவில்லை. மறுகரையில் 377ஆவது பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறான உறவு என அதனைச் சுட்டி, ஆயுள் தண்டனை வரை விதித்தது.

இவ்வேறுபாடுகளைத் தமிழ்ச் சமூகத்தின் ஒழுக்கத்தைக் கொண்டு விளக்க இயலாது. நண்டலாற்றின் ஒரு கரையில் வாழ்ந்தோர் மறுகரையினரைவிடத் தற்கொலையைக் குறைவாக அஞ்சினர் என்றோ, உடலுறவு பற்றித் தளர்வான கருத்துக் கொண்டிருந்தனர் என்றோ கொள்ள இடமில்லை. வேறுபாட்டின் வேர் பாரிசிலும் இலண்டனிலும் இருந்தது.

5. வருவாயும் குற்றமும்

வரி சார்ந்த குற்றங்களில் அரசின் நலன் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. கடற்கரை மக்களுக்கு உப்பு விளைவித்தல் தொழில். நெப்போலியன் போர்களுக்குப் பின் 1815-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. ஈடாக, ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா ரூபாயும், குறித்த விலையில் 300 பெட்டி அபினும் பிரெஞ்சு அரசுக்கு உறுதியாயின. 1818-இல் செய்த மற்றோர் ஒப்பந்தம் உப்பு விளைச்சலையே நிறுத்தி, உப்பளக்காரர்களுக்கு இழப்பீடு வழங்கச் செய்தது. இரு அரசுகள் தம் வருவாயைப் பங்கிட்டுக்கொண்ட ஒரு கையெழுத்தால், தலைமுறைகளாக வந்த தொழில் தடைசெய்யப்பட்ட செயலாயிற்று. அபின் வாணிகம் அரசுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலாகவும், உப்பு காய்ச்சுதல் குடிமக்களின் குற்றமாகவும் ஒரே ஆவணத் தொடரில் அமைந்தன. கடல்நீரைக் காய்ச்சுவது பாவம் என இருகரை மக்களுள் எவரும் கருதியதில்லை. 1930 ஏப்பிரலில் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தவர்கள் எழுப்பிய வினாவும் இதுவே: மக்களின் மனச்சான்று ஏற்காத ஒன்றைக் குற்றமென அரசு அறிவிக்க முடியுமா?

மது இதனினும் நீண்ட கதை. 1937-இல் சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டுச் சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறையாயிற்று; 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் பரவியது. பிரெஞ்சுக் காரைக்காலில் கள்ளும் சாராயமும் உரிமத்துடன் விற்கப்பட்ட வருவாய்ப் பொருள்களாகவே தொடர்ந்தன. 1954-க்குப் பின்னும் இந்நிலை மாறவில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதி 1970-இல் தனக்கெனக் கலால் சட்டம் இயற்றிக்கொண்டது. தமிழ்நாடோ 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974-இல் மீட்டு, 1981-இல் மீண்டும் விற்பனையைத் திறந்து, 1987-இல் கள்ளைத் தடைசெய்து, 2003-இல் மதுச் சில்லறை விற்பனையை அரசு நிறுவனத்தின் கையிலேயே வைத்தது. முப்பதாண்டுகளில் தமிழ் மக்களின் ஒழுக்க உணர்வு இத்தனை முறை தலைகீழாயிற்று என எவரும் வாதிட முடியாது.

இன்றும் குரும்பகரத்துப் பனைமரத்திலோ தென்னையிலோ உரிமத்துடன் இறக்கப்படும் கள் கலால் வருவாய்க்கு உரியது. சில கல் தொலைவில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நிற்கும் மரத்தில் இறக்கப்படும் கள் தடைசெய்யப்பட்ட பொருள். காரைக்காலில் விலை கொடுத்து வாங்கிய புட்டியை நண்டலாற்றுச் சோதனைச் சாவடிக்கு அப்பால் கொண்டு செல்பவர், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்ச் சிறைக்கும் வாகனப் பறிமுதலுக்கும் உள்ளாகிறார். அதே சட்டத்தின் கீழிருக்கும் அரசுக் கடை சாவடிக்கு அப்பால் மது விற்கிறது. எனவே தண்டிக்கப்படுவது குடித்தல் அன்று, விற்றலும் அன்று. வரி சேர வேண்டிய கருவூலத்தை மாற்றியதே.

இதன் விளைவு சிறிதன்று. 1982-இல் இயற்றப்பட்டு வழக்கில் குண்டர் தடுப்புச் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டுச் சட்டம், கள்ளச்சாராயத் தொழிலில் ஈடுபடுவோரைத் தனி வகையினராக்கி, விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை காவலில் வைக்க இடமளிக்கிறது. செயலைத் தண்டிக்கும் சட்டம் இங்கு மனிதருக்குப் பெயர் சூட்டும் சட்டமாகிறது.

6. பிறப்பும் குற்றமும்

பெயர்சூட்டலின் கடுமையான வடிவம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டு, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த அச்சட்டம், தனியொருவர் செய்த செயலைப் பாராமல் ஒரு சாதியையே குற்றவாளியாக அறிவித்தது. ‘ரேகைச் சட்டம்’ என மக்கள் அழைத்த அதன்கீழ்ப் பதிவு, கைரேகை, காவல் நிலையத்தில் வருகை, ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு ஆகியவை கட்டாயமாயின. பிரெஞ்சுத் தொகுப்பிலும் அலைந்து திரிவோருக்கு எதிரான பிரிவு இருந்தது. வீடும் பிழைப்பும் தொழிலும் இல்லாதவருக்கு மூன்று முதல் ஆறு மாதச் சிறை விதித்த அதுவும் வறுமையைக் குற்றமாக்கியதே. ஆயினும் அது ஒருவரின் நிலையைத் தண்டித்தது, பிறப்பைத் தண்டிக்கவில்லை. வேலை கிடைத்தவர் அதிலிருந்து நீங்கினார். குற்றப் பரம்பரையில் பிறந்தவருக்கு அவ்வாறு நீங்க வழியில்லை.

இவ்விரு துறைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. குறவர்கள் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று தானியத்துக்கு மாற்றிய வணிகர்கள் என்பதையும், அரசின் உப்புக் கொள்கையும் தொடர்வண்டிப் பாதையும் அவ்வணிகத்தை அழித்த பின்னரே அவர்கள் குற்றப் பரம்பரையினராக அறிவிக்கப்பட்டனர் என்பதையும் மீனா இராதாகிருஷ்ணா 2001-இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கியுள்ளார். வருவாய்ச் சட்டம் தொழிலைப் பறித்தது. தண்டனைச் சட்டம் தொழிலிழந்தவரைக் குற்றவாளியாக்கியது. சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீங்கியும், ‘சீர்மரபினர்’ என்ற பெயரிலேயே அப்பழைய அறிவிப்பின் தழும்பு நிற்கிறது.

பிறழ்நடத்தை என்பது செயலின் பண்பன்று. பிறர் விதிகளைப் பொருத்தியதன் விளைவே என்று ஓவர்டு பெக்கர் என்னும் அமெரிக்கச் சமூகவியலர் 1963-இல் எழுதினார். விதியை இயற்றுவோர் யார், அதனால் யார் பயனடைகின்றனர் எனக் கேட்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வாழ்ந்தவர்கள் அக்கருத்தை நூலின்றியே அறிந்திருந்தனர்.

7. எல்லையைக் கடந்தோர்

சட்டங்கள் வேறுபட்டபோது மக்கள் அவ்வேறுபாட்டைப் பயன்படுத்தினர். 1908-இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டின் நிழலில் பாரதியார் புதுச்சேரி சென்றார்; ‘இந்தியா’ இதழ் அங்கிருந்து வெளிவந்தது. 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைக் கடந்து கடலூர்ப் பகுதியில் கால்வைத்ததும் அவர் கைதானார். அவர் எழுத்து இடையில் மாறவில்லை. அவர் நின்ற நிலம் மாறியது.

எல்லை எப்போதும் விடுதலைக்கே துணைநின்றது எனக் கொள்ளுதல் பிழை. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயது வகுத்த குழந்தைமணத் தடைச் சட்டம் (சாரதா சட்டம்) 1929-இல் இயற்றப்பட்டு, 1930 ஏப்பிரல் 1 அன்று நடைமுறையானபோது, சிறுமியருக்கு மணம் முடிக்க விரும்பியோர் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் சமஸ்தானங்களுக்கும் சென்று சடங்கை முடித்துத் திரும்பினர். பிரித்தானியக் குடிகள் எங்குச் சென்று மணம் செய்தாலும் சட்டம் பற்றும் என 1938-இல் திருத்தம் கொண்டுவர நேர்ந்தது. பாரதியாருக்குப் புகலளித்த அதே சட்ட இடைவெளி, சிறுமியரின் காப்பைக் கடக்கவும் வழிவிட்டது. சட்ட வேறுபாடு தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அதைக் கடக்கும் வசதி யாருக்கு உண்டு என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது.

விடுதலைக்குப் பின், 1949-இல் பிரெஞ்சிந்தியாவுடனான சுங்கக் கூட்டு முடிவுற்றுச் சுங்கக் காவல் அமைந்தபோது, அதுவரை சந்தைக்குச் சென்று வருதலாக இருந்தது கடத்தலாயிற்று. வயல்வரப்பே பன்னாட்டு எல்லையான ஊர்களில், ஒரு மூட்டைச் சரக்கைத் தலையில் ஏற்றி நடப்பதே குற்றமாகும் நிலை உருவாயிற்று.

8. 1963: குற்றம் மாறிய நாள்

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டமுறை இணைப்பு நிறைவேறியது. இடைப்பட்ட காலத்திலும் பிரெஞ்சுத் தண்டனைத் தொகுப்பே காரைக்காலில் தொடர்ந்தது. 1963ஆம் ஆண்டின் புதுச்சேரி (சட்டங்கள்) ஒழுங்குவிதி, அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அங்கு விரித்தது.

அந்நாளின் பொருளைக் குரும்பகரத்திலிருந்து நோக்க வேண்டும். செப்டம்பர் 30 வரை பிறன்மனை உறவுக்குத் தண்டிக்கத்தக்கவளாக இருந்த பெண், மறுநாள் அவ்வாறு இல்லை. செப்டம்பர் 30 வரை சட்டம் தொடாத தற்கொலை முயற்சி, மறுநாள் சிறைக்குரியது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் சட்டத்தின் பார்வைக்கு வெளியே இருந்த தன்பாலுறவு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம். ஊரில் யாரும் புதிதாக எதையும் செய்யவில்லை. எவர் மனச்சான்றும் ஒரே இரவில் திரும்பவில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக்கு ஒருபோதும் நிலையாக உட்படாத பகுதியின்மீது ஆங்கிலேயரின் ஒழுக்கச் சட்டம் விடுதலை பெற்ற நாட்டின் கையால் விரிக்கப்பட்டது என்பது இந்நிகழ்வின் முரண்.

பின்னர் 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆவது பிரிவின் ஒரு பகுதியையும், அம்மாதம் 27 அன்று 497ஆவது பிரிவையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொள்ளச் செய்தது. 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 309ஆவது பிரிவைப் பொதுக்குற்றமாக மீட்கவில்லை. தேசிய அளவில் சீர்திருத்தமாகக் கருதப்பட்ட இவற்றுள் இரண்டு, காரைக்காலைப் பொறுத்தவரை 1963-க்கு முந்தைய நிலைக்குத் திரும்புதலே.

9. ஊர்க்கட்டுப்பாடு என்னும் மூன்றாம் சட்டம்

இரு சட்டங்களுக்கும் வெளியே, இருகரைக்கும் பொதுவான மூன்றாவது நெறியொன்று இருந்தது. ஊர்க்கட்டுப்பாடு, சாதி விலக்கு, பழி ஆகிய சொற்களால் மக்கள் அதனை அறிந்தனர். துர்க்கைம் கூறிய பொது மனச்சான்றுக்கு மிக அணுக்கமானது இதுவே. ஆனால் அந்த மனச்சான்று யாருடையது என்னும் வினா இங்குத் தவிர்க்க இயலாதது. பண்ணையாள் செருப்பணிந்து தெருவில் நடந்தால் அதனைப் பிறழ்நடத்தை எனக் கண்டதும், அவனைச் சவுக்கால் அடித்துச் சாணிப்பால் புகட்டியதைத் தண்டனை எனக் கண்டதும் கீழத்தஞ்சையில் நிலவிய வழக்கமே. எழுத்திலிருந்த சட்டத்தின்படி அடித்தவரே குற்றவாளி. ஊர் மனச்சான்றின்படி அடிபட்டவரே குற்றவாளி. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆவது பிரிவும், அதனைத் தண்டனைக்குரியதாக்கிய 1955ஆம் ஆண்டுச் சட்டமும் ஊர்வழக்கத்தைப் பின்பற்றி எழுந்தவை அல்ல. அதற்கு எதிராக எழுந்தவை.

எனவே, சட்டம் சமூக ஒழுக்கத்தோடு ஒன்றாதபோதெல்லாம் அது தவறு என்னும் எளிய முடிவுக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை. உப்புச் சட்டமும் சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. தீண்டாமை ஒழிப்புச் சட்டமும் ஊர்வழக்குக்கு வெளியிலிருந்து வந்தது. முன்னது கருவூலத்துக்காக ஒரு தொழிலைக் குற்றமாக்கியது. பின்னது மனிதமாண்புக்காக ஒரு கொடுமையைக் குற்றமாக்கியது. இரண்டையும் வேறுபடுத்துவது அவை எங்கிருந்து வந்தன என்பதன்று. யாரிடமிருந்து யாரைக் காக்க வந்தன என்பதே.

10. முடிவுரை

காரைக்கால் எல்லையின் இரு நூற்றாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உயிருக்கும் உடைமைக்கும் எதிரான அடிப்படைக் குற்றங்களில் இரு சட்டங்களும் பெரும்பாலும் ஒன்றுபட்டன. வருவாய், உடலும் மணவாழ்வும், நடமாட்டம் ஆகிய மூன்று துறைகளிலேயே அவை கூர்மையாகப் பிரிந்தன. இரண்டாவது, இப்பிரிவுக்குக் காரணம் மக்களின் ஒழுக்க வேறுபாடன்று. அரசுகளின் கருவூலத் தேவையும், தொலைவில் உருவான சட்டத்தொகுப்புகளின் வரைவு வரலாறுமே. மூன்றாவது, எல்லையின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. கையில் ஒரு புட்டியோடு சாவடியைக் கடப்பவரும், பிறப்பால் பெயர் சூட்டப்பட்டவரும், கணவனின் முறையீட்டுக்கு உள்ளான பெண்ணும் அதனைச் சுமந்தனர்.

தமிழகச் சட்ட வரலாறு இதுவரை பெரும்பாலும் சென்னை மாகாணத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதன் ஓரத்தில் 1963 வரை வேறொரு குற்றப்பட்டியல் தமிழிலேயே வாழ்ந்த மக்களிடம் நடைமுறையில் இருந்தது என்பதைக் கணக்கில் கொண்டால், ‘தமிழ்ச் சமூகம் குற்றமாகக் கருதியது’ என்னும் தொடரை ஆய்வாளர் எளிதில் கையாள இயலாது. எந்தக் கரையில், எந்த ஆண்டில், யாருடைய சட்டத்தின்கீழ் என்ற மூன்று வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே அத்தொடர் பொருளுடையதாகிறது.